சேத்தியாத்தோப்பில் இரண்டு அரசுகள்

2023 மார்ச் கடைசியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு விட்ட சுரங்கப் பட்டியலில் தமிழ்நாட்டின் மூன்று பகுதிகள் இருந்தன: வடசேரி, மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள நிலம். செய்தி வெளியே தெரிந்ததும் அத்தனை கட்சிகளும் எதிர்த்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஏப்ரல் 4 அன்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டப்பேரவையில், தானும் டெல்டாக்காரன்தான், இதற்கு ஒருபோதும் அனுமதி தரமாட்டேன் என்று அறிவித்தார். பாஜகவின் மாநிலத் தலைமையும் டெல்லியில் பேசியது. ஏப்ரல் 8 அன்று நிலக்கரித் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி மூன்று பகுதிகளையும் ஏலத்திலிருந்து விலக்குவதாகச் சொன்னார். ஐந்தே நாளில் காரியம் முடிந்தது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் முழுதாகப் போகவில்லை. ஜூலை 26 அன்று, அதே சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் பொக்லைன் எந்திரங்கள் வரிசையாக வயலுக்குள் இறங்கின. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றுப் பாதையில் திருப்பக் கால்வாய் வெட்ட வேண்டும். கால்வாய் போகிற தடத்தில் நெல் நின்றது. அறுப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லாத பயிர். வாளி இறங்கி எழும்போது பச்சைத் தாள் வேரோடு பெயர்ந்து வந்தது, அடுத்த வாளி மண் அதன் மேலேயே விழுந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் போலீஸ். அன்று தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களில் வயலைத் தெரிந்தவர் எவருக்கும் சோறு இறங்கியிருக்காது.

ஏப்ரலில் அத்தனை வேகமாகக் காப்பாற்றிய அரசுகளும் ஜூலையில் அத்தனை வேகமாக அழித்த அரசுகளும் வேறு வேறு அல்ல. டெல்லியில் அதே ஆட்சி, சென்னையில் அதே ஆட்சி, இடையில் தேர்தல் எதுவும் வரவில்லை. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமும் 2020 பிப்ரவரியிலேயே, எடப்பாடி பழனிசாமி ஆட்சியில், நிறைவேறிவிட்டது. கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம், மேல்புவனகிரி முதலான ஒன்றியங்கள் அந்த மண்டலத்தில் வருகின்றன. ஆனால் சட்டம் வருமுன் நடப்பில் இருந்த திட்டங்களை அது தொடாது. ஆகவே ஒரே ஊரின் இரண்டு வயல்களில் ஒன்றைக் காப்பதும் ஒன்றை அழிப்பதும் மண்ணின் தரத்தாலோ விளைச்சலாலோ தீர்மானமாகவில்லை, காகிதத்தில் உள்ள தேதியால் தீர்மானமானது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு வயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. பாசிசம் என்று உலகம் அழைக்கும் நோய் எந்தெந்த வழியாக ஒரு சமூகத்துக்குள் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் பக்கத்தில் இல்லை.

பாசிசம் இப்போது நம் மேடைகளில் அன்றாடம் புழங்குகிறது. திமுக மேடையில் அது பாஜகவின் அடைமொழி. 2018 செப்டம்பரில் தூத்துக்குடி விமான நிலையத்தில் அந்த அடைமொழியோடு முழக்கம் போட்ட மாணவி ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய 2023 ஆனது. 2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி வி.சாலையில் தன் கட்சியின் முதல் மாநாட்டில் விஜய், அவர்கள் பாசிசம் என்றால் நீங்கள் பாயசமா என்று திமுகவைக் கேட்டார். கூட்டம் ஆரவாரித்தது. அந்த மாநாடு நடந்தது சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகிற அதே நெடுஞ்சாலையின் தலைமாட்டில். ஆனால் யார் பாசிஸ்ட் என்ற சண்டையைவிட, அரசு தன் குடிமக்களில் யாரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்விதான் வயலில் நிற்பவருக்கு வேண்டும்.

அந்தக் கேள்விக்கு நல்ல கருவி ஒன்றைச் செய்து கொடுத்தவர் எர்ன்ஸ்ட் ஃப்ரேங்கல். 1898இல் பிறந்த ஜெர்மானிய யூதர். பெர்லினில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கறிஞராக இருந்தவர். முதல் உலகப் போரில் போர்முனையில் இருந்தவர் என்பதால் ஹிட்லர் வந்த பிறகும் சில ஆண்டுகள் நீதிமன்றம் போக அனுமதிக்கப்பட்டார். பகலில் வழக்காடிக்கொண்டே ரகசியமாக ஒரு நூலை எழுதினார். 1938இல் நாட்டை விட்டுத் தப்பினார். நூல் 1941இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தலைப்பு, ‘இரட்டை அரசு’.

ஃப்ரேங்கல் தினம் தினம் நீதிமன்றத்தில் கண்டது இதுதான். நாஜி ஆட்சியில் சட்டம் செத்துப்போகவில்லை. ஒப்பந்தம் செல்லும், கடன் வசூலாகும், நிறுவனங்கள் வழக்குப் போட்டு வெல்லும், சொத்துரிமைக்குக் காவல் உண்டு. விதிப்படி இயங்கும் அரசு ஒன்று முழுசாக நடந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு அரசு. அதற்கு விதி கிடையாது, அதன் செயலை எந்த நீதிமன்றமும் தடுக்க முடியாது. 1933 பிப்ரவரி 28 அவசர ஆணைதான் அதன் பிறப்புச் சான்று. யார் எந்த அரசின் கையில் விழுவார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இரண்டாவது அரசிடம் இருந்தது. முதலாளித்துவத்துக்கு முதல் அரசு வேண்டும், கணக்குப் போட்டுத் தொழில் நடத்த. அதே முதலாளித்துவம் இரண்டாவது அரசையும் சகித்துக்கொண்டது, தொழிற்சங்கத்தை நொறுக்கித் தந்ததால். இன்னொரு உண்மையையும் ஃப்ரேங்கலிடமிருந்து நாம் கற்க வேண்டும். வேலி இல்லாத அதிகாரம் நாடு முழுவதும் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. நிலத்தில் ஒரு துண்டு, மக்களில் ஒரு பிரிவு என்று ஒதுக்கி, அங்கே மட்டும் முதலில் பழகிப்பார்க்கிறது.

இந்தியா 1938 ஜெர்மனி அல்ல. இங்கே தேர்தல் நடக்கிறது, ஆட்சி மாறுகிறது, நீதிமன்றம் அரசைக் கேள்வி கேட்கிறது. வளையமாதேவி விஷயத்திலும் கேட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி எம். தண்டபாணி, பயிர் அழிக்கப்பட்ட காட்சியைப் பார்த்துத் தான் வேதனைப்பட்டதைத் திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். வடலூர் வள்ளலாரை நினைவுபடுத்தினார். இரண்டு மாதம் பொறுக்க முடியாதா, அதற்குள் அறுவடை முடிந்திருக்குமே என்று கேட்டார். மண்ணைத் தோண்டிக்கொண்டே போனால் அரிசிக்கு அடித்துக்கொள்ளும் காலத்தை நம் தலைமுறையே பார்க்கும் என்றார். ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தர உத்தரவிட்டார். கூடவே, கையகப்படுத்திய நிலத்தில் பயிர் செய்ததும் சரியல்ல, செப்டம்பர் 15க்குள் அறுத்து முடித்து நிலத்தை ஒப்படையுங்கள் என்று விவசாயிகளுக்கும் சொன்னார். நியாயமான தீர்ப்பு. ஆனால் அதில் தெரிகிற வரிசையைக் கவனிக்க வேண்டும். பயிர் முதலில் செத்தது, சட்டம் பிறகு வந்து ஈமக் கணக்குப் பார்த்தது. விதிப்படி நடக்கும் அரசு இருக்கிறது, ஆனால் அது பின்னால் வருகிறது.

நிறுவனத்தின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துச் சொல்லியாக வேண்டும். இந்த நிலங்கள் 2006 முதல் 2013 வரையான ஆண்டுகளில் எடுக்கப்பட்டவை, பணம் கொடுத்தாயிற்று, இனி விதைக்காதீர்கள் என்று முந்தைய டிசம்பரிலேயே சொல்லிவிட்டோம், கால்வாய் வெட்டாவிட்டால் சுரங்கம் நின்று மின்சாரம் குறையும் என்றது. விவசாயிகளிடம் கேட்டால் வேறு கணக்கு. பத்தாண்டுக்கு மேல் கைப்பற்றாமல் போட்டுவைத்த நிலத்தைச் சும்மா விட முடியுமா? அன்று கொடுத்த பணம் இன்றைய விலையில் எந்த மூலைக்கு? நெலத்தக் குடுத்தோம், வேலயக் குடுக்கல என்பது இந்தப் பக்கத்து ஊர்களில் இரண்டு தலைமுறையாகக் கேட்கிற பேச்சு. இரண்டு தரப்புக்கும் நடுவே நின்று கேட்க வேண்டிய அமைப்பு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க ஆய்வைக் கட்டாயமாக்கியது. நிலம் போனால் யார் யாருக்கு என்ன போகிறது என்பதை ஊரைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும். நிலமில்லாத கூலிக்காரரும் அந்தக் கணக்கில் வருவார்.

தமிழ்நாடு அந்தக் கதவைச் சாத்தியது. 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் உட்பட மாநிலத்தின் மூன்று சட்டங்களுக்கு 2013 சட்டத்திலிருந்து விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு சட்டப்பேரவை இன்னொரு சட்டம் போட்டு, 2013 செப்டம்பர் 26 முதலே செல்லும் என்று பின்தேதியிட்டு அதை உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அதிமுக செய்ததைத் திமுக மாற்றவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, சேத்தியாத்தோப்புக் கிழக்கைக் காப்பாற்றிய இரண்டு வாரத்துக்குள், சட்டப்பேரவையில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று தொழிற்சாலையில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்தது. இன்னொன்று, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலைகளையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்கும் சட்டம். தொழிற்சங்கங்கள் சேர்ந்து எழுந்ததால் முதலாவது மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவதற்கு அந்த அளவு எதிர்ப்பு எழவில்லை, அது சட்டமாகிவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடியவர்களில் ஏழு பேர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு பெருகியதும் ஆறு பேர் மீதான உத்தரவு முதலில் விலக்கப்பட்டது. விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் சட்டம் அது. கள்ளச்சாராயக்காரருக்கும் ரவுடிக்கும் என்று 1982இல் கொண்டுவந்தது, 2023இல் கரும்பும் நெல்லும் போடுகிறவர் கையில் விலங்காக வந்து விழுந்தது. ஃப்ரேங்கல் சொன்ன இரண்டாவது அரசுக்கு இங்கே புதிதாக எந்த அவசர ஆணையும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே அலமாரியில் இருந்த சட்டம் போதுமானதாக இருந்தது.

அப்போது டெல்லியும் சென்னையும் எதில்தான் ஒத்துப்போயின? ஆளுநர் விஷயத்தில் இல்லை, நீட்டில் இல்லை, இந்தியில் இல்லை, நிதிப் பகிர்வில் இல்லை. வளையமாதேவி வயலில் ஒத்துப்போயின. ஒன்றிய அரசின் நிறுவனத்துக்காக மாநில வருவாய்த் துறை நிலம் எடுத்துக் கொடுத்தது, மாநிலப் போலீஸ் பொக்லைனுக்குக் காவல் நின்றது. மாநிலத்தின் அன்றைய வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் இதே கடலூர் மாவட்டத்துக்காரர். சேத்தியாத்தோப்பின் கூட்டுறவு சர்க்கரை ஆலை அவர் தந்தையின் பெயரில் இருக்கிறது. மாநிலத்துக்கு என்எல்சியில் பங்கும் உண்டு. 2013இல் ஒன்றிய அரசு என்எல்சி பங்குகளை விற்க முனைந்தபோது, தனியாருக்குப் போகக் கூடாது என்று ஜெயலலிதா அரசு தன் ஐந்து நிறுவனங்கள் மூலம் 3.56 சதவீதத்தை வாங்கியது. தொழிலாளரின் போராட்டமும் அதற்குப் பின்னால் இருந்தது. ஆகவே முதலாளித்துவம் என்றவுடன் சுருட்டுப் பிடிக்கும் தனி முதலாளியைத் தேட வேண்டாம். பங்குச் சந்தையில் விலை போகிற நவரத்தினப் பொதுத்துறை நிறுவனமும் அதே லாபக் கணக்கில்தான் வயலைப் பார்க்கிறது.

நெய்வேலியின் பிறப்பு இப்படி இல்லை என்பதுதான் இதில் பெரிய துயரம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அதை விடாமல் பின்தொடர்ந்து, ஆட்சியாளர் கவனத்துக்குக் கொண்டுபோய், தன் நிலம் 620 ஏக்கரையும் கொடுத்தார். 1956 நவம்பரில் நிறுவனம் அமைந்தது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. காமராஜர் காலத்துத் தமிழ்நாடு இந்தச் சுரங்கத்தைத் தன் சொந்தக் குழந்தையாகத்தான் நினைத்தது. நிலம் கொடுத்த ஊர்க்காரர்களும் நாட்டுக்கு மின்சாரம் வரும், பிள்ளைக்கு வேலை வரும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை ஏமாளித்தனம் அல்ல. ஒரு குடியரசில் குடிமக்கள் அப்படித்தான் நம்ப வேண்டும்.

நிலத்தடியில் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பகுதியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நீர் இருக்கிறது. ஒரு காலத்தில் துளை போட்டால் தானாகப் பொங்கி வரும் ஊற்று. சுரங்கம் தோண்டும்போது அந்த நீர் கீழிருந்து தரையை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகக் கீழே உள்ள வயல்களுக்குப் பாய்கிறது. அதை நம்பிப் பயிர் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுற்றியுள்ள ஊர்களில் ஆழ்துளைக் கிணறு ஆழத்துக்கு மேல் ஆழம் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவருக்கு நீர் போவதும் இன்னொருவருக்கு வருவதும் நிறுவனத்தின் மோட்டார் அறையில் முடிவாகிறது, ஊராட்சி அலுவலகத்தில் அல்ல.

நெய்வேலி நகரியத்தில் அகலச் சாலை, மரம், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் உண்டு. அதன் வாசலில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கூட்டுறவு சொசைட்டித் தொழிலாளர்களும் நிற்கிறார்கள், பலர் நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள். நிரந்தரத் தொழிலாளி செய்கிற அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்து, பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். 2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்கத்தின் வாசலில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் சுட்டுக் கொன்றார். வாய்த்தகராறுக்குத் துப்பாக்கி பதில் சொன்னது.

இத்தாலியில் பாசிசம் வளர்ந்த இடம் எது என்று பார்த்தால் இன்னொன்று விளங்கும். முசோலினி மிலான் நகரத்தில் இயக்கம் தொடங்கினாலும், அது பலம் பிடித்தது போ ஆற்றுச் சமவெளியின் வயல்களில். 1920, 21இல் அங்கே கூலி விவசாயிகளின் சங்கங்கள் வலுத்திருந்தன. பெருநிலக்காரர்கள் பணம் கொடுத்து அடியாள் படைகளை வளர்த்தார்கள். இரவில் லாரியில் வந்து சங்கக் கட்டடங்களுக்குத் தீ வைப்பார்கள், தலைவர்களை அடிப்பார்கள், போலீஸ் பார்த்துக்கொண்டு நிற்கும். நமக்கு இதைக் கேட்டவுடன் கீழவெண்மணி நினைவுக்கு வர வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து நடத்திய நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்களா என்று நீதிமன்றம் ஐயப்பட்டது. டெல்டா வயலைக் காப்போம் என்று இன்று நாம் பேசும்போது, அந்த வயலில் யாருக்கு என்ன உரிமை இருந்தது என்பதையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.

ஏனென்றால் ஃப்ரேங்கலுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். இரட்டை அரசு நமக்கு ஹிட்லரோடு வந்த புதுமை அல்ல. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று வரைபடம் எப்போதோ போட்டாயிற்று. ஊருக்குள் வழக்கு, முறை, பஞ்சாயத்து. காலனிக்கு அடி. சேத்தியாத்தோப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993இல், முதனை கிராமத்துக் குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் திருட்டுக் குற்றம் சாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அவர் மனைவியும் உள்ளூர் மார்க்சிஸ்ட் தோழர்களும், பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துருவும் பல ஆண்டு போராடித்தான் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை வாங்கித் தந்தார்கள். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் சாதி மாறி மணந்த இருவரை விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். 18 ஆண்டு கழித்து 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது, அதில் காவல்துறை அதிகாரிகளும் இருந்தார்கள். புவனகிரி ஒன்றியம் தெற்குத்திட்டை ஊராட்சியில், 2020 அக்டோபரில் வெளியான புகைப்படம் நாடு முழுதும் போனது. துணைத் தலைவரும் உறுப்பினர்களும் நாற்காலியில் இருக்க, தேர்தலில் வென்ற தலைவர், ஆதிதிராவிடப் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். கொடியேற்றவும் தன்னை விடவில்லை என்று அவர் சொன்னார். படம் வெளியான பிறகு ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

அந்தப் படத்தை நெருங்கிப் பார்த்தால் இரட்டை அரசு முழுவதும் அதில் இருக்கிறது. இடஒதுக்கீட்டுச் சட்டம் வேலை செய்திருக்கிறது, வாக்குப் பதிவு நடந்திருக்கிறது, வெற்றிச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது, கூட்டமும் முறைப்படி கூட்டப்பட்டிருக்கிறது. விதிப்படி நடக்க வேண்டியது எல்லாம் நடந்த பிறகு, நாற்காலி யாருக்கு என்பதை மட்டும் இன்னொரு அதிகாரம் தீர்மானித்திருக்கிறது. அங்கே துப்பாக்கி தேவைப்படவில்லை. அறையில் இருந்த யாரும் எழுந்து தன் நாற்காலியை அவரிடம் தள்ளவில்லை, அதுவே போதுமானதாக இருந்தது.

வளையமாதேவிப் போராட்டத்தை முன்னின்று நடத்திய கட்சி பாட்டாளி மக்கள் கட்சி. 2023 ஜனவரியில் அன்புமணி ராமதாஸ் பாதிக்கப்பட்ட ஊர்கள் வழியாக நடந்தார், மார்ச்சில் கடலூர் மாவட்ட முழு அடைப்பு, ஜூலை 28 அன்று நெய்வேலி ஆர்ச் கேட் முற்றுகை. அன்று கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு, அன்புமணி கைது. அந்தக் கோரிக்கை நியாயமானது. அந்தக் கட்சியின் வேரில் உள்ள குறையும் உண்மையானது. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறித்த வன்னியர்களில் 21 பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இரண்டாவது அரசின் முகத்தை இந்தச் சமூகமும் நேராகப் பார்த்திருக்கிறது.

ஆனால் 2021 நவம்பரில் என்ன நடந்தது? முதனைத் தொழிலாளியின் கதையை வைத்து ‘ஜெய் பீம்’ படம் வந்தது. தங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் லாக்கப்பில் செத்த கதை. வன்னியர் சங்கம் அதில் பார்த்தது சுவரில் தொங்கிய அக்னிக் கலச நாட்காட்டியை. ஐந்து கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ், ஒன்பது கேள்விகளோடு நடிகர் சூர்யாவுக்கு அன்புமணியின் கடிதம். மயிலாடுதுறையில் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் ஒருவர் சூர்யாவைத் தாக்குகிறவருக்கு ஒரு லட்சம் தருவதாக அறிவித்தார். நடிகர் வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. நாட்காட்டி மாற்றப்பட்டது. நாட்காட்டி பற்றிய வருத்தம் சிலருக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அடிபட்டுச் செத்தவன் பேச்சிலிருந்தே காணாமல் போனான். ஒரு சமூகத்தின் உண்மையான வறுமையையும் அவமானத்தையும் எடுத்து, அதற்கும் கீழே உள்ளவர்கள் மேல் கோபமாகத் திருப்பிவிடுவது பாசிச அரசியலின் மிகப் பழைய வேலைமுறை. போ சமவெளியிலும் சிறு விவசாயியை நிலமில்லாத கூலிக்கு எதிராகத் திருப்பித்தான் அது வளர்ந்தது. அதே கட்சி 2024 மக்களவைத் தேர்தலில், நிலக்கரி அமைச்சகத்தைக் கையில் வைத்திருந்த பாஜகவின் கூட்டணியில் நின்றது. கடலூர்த் தொகுதியிலும் போட்டியிட்டது.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இதைத்தான். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்துக்குக் கொண்டுபோய் விடும் என்றார். வாக்கில் சமத்துவமும் வாழ்க்கையில் சமத்துவமின்மையும் சேர்ந்து நெடுநாள் ஓடாது என்றார். முதல் எச்சரிக்கையை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம், டெல்லியை நோக்கி. இரண்டாவது புவனகிரி ஒன்றியத்தை நோக்கியும் சொல்லப்பட்டது.

எல்லா நாட்டிலும் சுரங்கம் இப்படித்தானே தோண்டுகிறார்கள் என்று கேட்கலாம். ஜெர்மனியிலும் அதே 2023 ஜனவரியில், பழுப்பு நிலக்கரிக்காக லூட்சராத் என்ற சிற்றூரைப் போலீஸ் காலி செய்தது. கிரெட்டா துன்பர்க்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மாநில ஆட்சியில் பசுமைக் கட்சியும் இருந்தது. ஆக, எல்லா வன்முறையும் பாசிசம் என்று சொல்வது தவறு. ஆனால் அங்கே கடைசியாக மிஞ்சிய விவசாயியின் வழக்கு மேல்நிலை நீதிமன்றத்தில் முடிந்து, அவர் விலகிப் போன பிறகு எந்திரம் வந்தது. இங்கே எந்திரம் வந்து, பிறகு வழக்கு முடிந்தது. மின்சாரம் வேண்டும் என்பதிலும் சண்டை இல்லை. நெய்வேலி மின்சாரத்தில்தான் நம் வீட்டு மின்விசிறியும் ஓடுகிறது. அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதை விலை கொடுக்கிறவரைக் கேட்காமல் தீர்மானிப்பதுதான் தகராறு.

கேட்பதற்கு வழி உண்டு. 2013இல் ஒடிசாவின் நியாம்கிரியில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. வேதாந்தாவின் திட்டம் நின்றது. அது வன உரிமைச் சட்டத்தின் பலம், கடலூர்ச் சமவெளிக்கு அது இல்லை. ஆனால் 1997 நிலமெடுப்புச் சட்டம் தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம். அதில் சமூகத் தாக்க ஆய்வையும் கிராம சபை ஒப்புதலையும் சேர்க்கச் சென்னையே முடிவெடுக்கலாம். சேத்தியாத்தோப்புக் கிழக்குக்காக ஐந்து நாளில் முடிந்தது, இதற்கு ஒரு கூட்டத்தொடர் போதும்.

அந்த ஒப்புதலைக் கேட்கும் சபையில் யார் தலைமை தாங்குவார், எங்கே உட்காருவார் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். நிலப்பட்டா வைத்திருப்பவர் மட்டும் கை தூக்கினால் போதாது. 40,000 ரூபாய் பயிர் வைத்தவருக்கு வந்தது. அந்த வயலில் நடவு நட்டு, களையெடுத்து, அறுப்புக்குக் காத்திருந்த காலனிப் பெண்கள் இழந்த வேலை நாட்களுக்கு எந்தக் கணக்கிலும் வரி எழுதப்படவில்லை. வளையமாதேவிக்கு வரும் அடுத்த எந்தக் குழுவும் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதுவதிலிருந்து தொடங்கட்டும்.